போத்தனூருக்குச் சோறிட்ட இருப்புப் பாதை



சென்னையிலிருந்து கேரளம் செல்லும் இரயிலில் நீங்கள் ஒரு முறையேனும் பயணம் செய்திருக்கக்கூடும். ஈரோடு, திருப்பூர் என்று கொங்கு நாட்டின் பெரிய ஊர்களைக் கடந்து வரும் வண்டியில், கோவை வந்ததும் பாதிப் பெட்டி காலியாகிவிடும். மீண்டும் புறப்பட்ட வண்டி சில நிமிடங்களில், தண்டவாளங்கள் பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் மற்றொரு நிலையத்தை அடையும். மஞ்சள் பலகையில் ‘போத்தனூர் சந்திப்பு’ என்று எழுதியிருக்கும். பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாம் அதை மறந்துவிடுகிறோம்.

ஆனால், இந்தச் சிற்றூரின் கதை மறக்கத்தக்கது அன்று. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரின் அடுப்பை இருப்புப் பாதை எரிய வைத்த கதை அது. அந்த வேலை யாருக்குக் கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, பின்னர் எப்படிக் கை நழுவியது என்பதை அறிந்துகொள்வது, வேலை தேடும் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

கோவைக்கு முன்பே இரயில் கண்ட ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதை இயக்கிய மதராஸ் இரயில்வே கம்பெனியின் நோக்கம் வாலாஜாவோடு நின்றுவிடவில்லை. கிழக்குக் கடற்கரையில் உள்ள சென்னையை மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர்த் துறைமுகத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அதன் பெருந்திட்டம்.

இடையே மேற்குத் தொடர்ச்சி மலை மதிலைப் போல் நிற்கிறது. அந்த மதிலில் இயற்கை விட்டுவைத்த அகன்ற வாசல் ஒன்றுதான். அதுவே பாலக்காட்டுக் கணவாய். எனவே கிழக்கேயிருந்து வரும் பாதையும், மேற்கேயிருந்து வரும் பாதையும் அக்கணவாயை நோக்கியே வந்தாக வேண்டும். மேற்கே 1861 மார்ச்சில் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை படிப்படியாகக் கிழக்கு நோக்கி நீண்டு, 1862ஆம் ஆண்டில் கணவாயைக் கடந்து போத்தனூரை எட்டியது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாதை நேராகக் கணவாயை நோக்கிச் சென்றதால், கோயம்புத்தூர் நகரம் அதிலிருந்து சற்று விலகி வடக்கே நின்றுவிட்டது. அந்நாளில் கோவைக்கு வருபவர் போத்தனூரில் இறங்கி, அங்கிருந்து வண்டி கட்டிக்கொண்டு நகருக்குள் செல்ல வேண்டும். போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது 1873ஆம் ஆண்டில்தான். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள், பெருநகரம் சிற்றூரை நம்பியிருந்தது என்று பொருள்.

அந்தக் கிளைப் பாதையே பின்னர் நீலகிரிக்கு வழி வகுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கர மலை இரயில் 1899இல் ஏறியது; 1908இல் உதகையைத் தொட்டது. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மற்றொரு பாதை பிறந்தது. இவ்வாறாகச் சென்னை, மலபார், நீலகிரி, பொள்ளாச்சி என நான்கு திக்கிற்கும் போகும் பாதைகளின் முடிச்சாகப் போத்தனூர் அமைந்தது.

எத்தனை கைகள், எத்தனை தொழில்கள்

ஓர் இரயில் ஓட எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? நம் கண்ணில் படுபவர்கள் ஓட்டுநர், கார்டு, பயணச்சீட்டுப் பரிசோதகர், நிலைய அதிகாரி ஆகியோர் மட்டுமே. நீராவி இஞ்சின் காலத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரும் படையே இருந்தது.

இஞ்சின் கொட்டகையில் இஞ்சினைக் கழுவவும், சாம்பலை வாரவும், எண்ணெய் இடவும் கலாசிகள் இருந்தனர். ஓடும் இஞ்சினில் நெருப்பின் முன் நின்று நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட ஃபயர்மேன் வேண்டும். கோடையில் வெளியே அடிக்கும் வெயிலும் உள்ளே எரியும் உலையும் சேர்ந்து அவர் உடலை வாட்டிவிடும். நிலையத்தில் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன், கைகாட்டிக் கம்பிகளை இழுக்கும் கேபின் பணியாளர், விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் விளக்குக்காரர், பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங் பணியாளர், சுமை தூக்கும் போர்ட்டர் என்று வரிசை நீளும்.

நிலையத்திற்கு வெளியே காங்மேன்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில மைல் தூரப் பாதை ஒப்படைக்கப்பட்டிருக்கும். கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பி நேராக்குவதும், கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்குவதும் அவர்கள் வேலை. கீமேன் என்பவர் சுத்தியலும் திருகுச் சாவியுமாகத் தம் பகுதியை நாள்தோறும் நடந்தே பார்வையிட்டு, தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவார். மழைக்காலத்தில் இரவு ரோந்து உண்டு. போத்தனூரிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில் மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு ஆகிய இடங்களைத் தாண்டும் பாதை யானைகள் நடமாடும் காட்டின் ஓரமாகச் செல்கிறது. அந்தக் காட்டு வழியில், கையில் ஒரு விளக்கை மட்டும் ஏந்திக்கொண்டு நடந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். நாம் பெட்டிக்குள் நிம்மதியாக உறங்கிய இரவுகளுக்கு அவர்களே காவல்.

இவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். மானாவாரி நிலத்தில் மழையை எதிர்பார்த்துச் சோளமும் கம்பும் விதைத்தவர்கள், கூலி வேலைக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள் போன்றோர்க்கு, மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் என்பது புதுமையாக இருந்தது. சம்பளத் தொகை சிறிதுதான். ஆயினும், இன்ன தேதியில் இவ்வளவு வரும் என்ற உறுதி இருந்ததே, அதுதான் குடும்பங்களை நிமிர வைத்தது.

அகலப் பாதையும் மீட்டர் பாதையும்

பொள்ளாச்சிக்குப் போடப்பட்டது மீட்டர் பாதை. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். சென்னை – மலபார் பாதையோ அகலப் பாதை. அதன் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே ஒரு பாதையில் வரும் சரக்கு மற்றொரு பாதையில் போக வேண்டுமானால், மூட்டை மூட்டையாக இறக்கி, அடுத்த வண்டியில் மீண்டும் ஏற்றியாக வேண்டும்.

வணிகருக்கு இது செலவு, கம்பெனிக்குத் தலைவலி. ஆனால் முதுகில் வலுவுள்ள ஏழைக்கு இதுவே பிழைப்பு. தேங்காயும் தானியமும் பஞ்சும் மூட்டைகளாகக் கைமாறும் இடங்களில், சுமை தூக்குவோர், மாட்டு வண்டிக்காரர், கணக்கெழுதுவோர், அவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் விற்போர் என்று அடுத்தடுத்துப் பலர் பிழைத்தனர். இரயில்வேயின் சம்பளப் பட்டியலில் பெயரில்லாத குடும்பங்களுக்கும் இரயில் இவ்வாறு சோறிட்டது.

இதற்கிடையில் கோவையில் ஆலைகள் எழுந்தன. 1888இல் நகரின் முதல் நூற்பாலை தோன்றியது. பின்னர் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு வரும் பஞ்சுக்கும், ஆலையிலிருந்து போகும் நூலுக்கும் இரயிலே வாகனம். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆலை வேலைக்கு வருவோருக்கும் இரயிலே துணை.

போத்தனூருக்குத் தனிப் பெருமை சேர்த்தவை பணிமனைகள். அவற்றுள் இன்றும் பெயர் பெற்றிருப்பது சைகை மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனை. இரயில்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் கருவிகள் அங்கு உருவாகின்றன. தண்டவாளத்தைத் திருப்பும் பாயிண்ட் இயந்திரங்கள், சைகைகளை இயக்கும் ரிலேக்கள், இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரே வண்டியை அனுமதிக்கும் பிளாக் கருவிகள் முதலியன அவை. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் ஒரு வண்டி சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கிறதென்றால், அதன் பின்னால் ஒரு போத்தனூர்த் தொழிலாளியின் விரல்களும் இருக்கலாம்.

வீட்டுக்குள் வந்த இரயில்வே

குடும்பத் தலைவிகள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும். இரயில்வே வேலை ஆணின் பெயரில் இருந்தாலும், அதன் பாரத்தில் பாதியைச் சுமந்தவர்கள் வீட்டுப் பெண்களே.

இரயில்வே குடியிருப்புகளில் ‘கால் பாய்’ என்ற பணியாள் ஒருவர் இருப்பார். நள்ளிரவில் கையில் விளக்கும் பதிவேடுமாக வந்து கதவைத் தட்டுவார். இன்ன வண்டிக்கு இன்ன நேரத்தில் வர வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிச் செல்வார். அந்தத் தட்டலுக்கு முதலில் விழிப்பவள் மனைவி. அந்த வேளையிலும் அடுப்பை மூட்டி, அடுக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவாள். புறப்பட்டவர் எப்போது திரும்புவார் என்பது வண்டிக்கே தெரியாது. பெருநாள் அன்றும் வண்டி ஓடும். பொங்கல் அன்றும் ஓடும். கிறிஸ்துமஸ் அன்றும் ஓடும். பிள்ளைகள் புத்தாடை உடுத்திக்கொண்டு தந்தையின் வரவுக்காக வாசலில் காத்திருந்த வீடுகள் எல்லாச் சமயத்தாரிலும் உண்டு.

அதற்கு ஈடாகக் கிடைத்தவையும் சிறியன அல்ல. குடியிருக்க வீடு, பிள்ளைகளுக்கு இரயில்வே பள்ளி, நோய்க்கு இரயில்வே மருத்துவம், ஊருக்குப் போய்வர இலவச பாஸ், முதுமைக்கு ஓய்வூதியம். கடைத்தெருவில் “இரயில்வே வீடு” என்றால் மளிகைக்காரர் தயங்காமல் கடன் கொடுப்பார். சம்பள நாளன்று அது அடைபடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. தண்டவாளத்தில் ஜல்லி இடித்த தந்தையின் மகன் பள்ளி இறுதி வகுப்பு முடித்து எழுத்தராகவும், அவன் மகன் பொறியாளராகவும் உயர வழி ஏற்பட்டது. கல்விக்கு முதற்படி, நிலையான ஒரு வருமானம். போத்தனூரில் அந்தப் படியைக் கட்டித் தந்தது இரயில்.

எல்லோருக்கும் ஒரே படி இல்லை

ஆயினும், உண்மையை மறைத்து எழுதுவது முறையன்று. பிரிட்டிஷார் காலத்து இரயில்வேயில் வேலை இருந்தது, சமத்துவம் இருக்கவில்லை. மேல்நிலைப் பதவிகள் ஐரோப்பியர்க்கு. ஓட்டுநர், கார்டு, மேற்பார்வையாளர் போன்ற நடுநிலைப் பணிகளில் ஆங்கிலோ இந்தியர்க்கு முன்னுரிமை. கலாசி, காங்மேன், போர்ட்டர் வேலைகள் இந்நாட்டு மக்களுக்கு. குடியிருப்பிலும் இந்தப் படிநிலை தெரியும். ஓட்டு வீடுகளும் தோட்டமும் ஒரு பக்கம். ஓர் அறை வரிசை வீடுகள் மறுபக்கம்.

ஆங்கிலோ இந்தியர்கள் போத்தனூரைத் தங்கள் சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டனர். அவர்களின் தேவாலயமும், பள்ளியும், நடனமும் இசையும் ஒலித்த இரயில்வே இன்ஸ்டிடியூட்டும் ஊருக்குத் தனி நிறம் தந்தன. விடுதலைக்குப் பின் இந்திய அரசியல் சட்டத்தின் 336ஆம் பிரிவு, இரயில்வே, சுங்கம், தபால், தந்தித் துறைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டைப் பத்து ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, நீட்டித்தது. பரம்பரையாக இரயில்வேயையே நம்பியிருந்த பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. ஒரே வாசலை நம்பி வாழும் சமுதாயத்திற்கு, அந்த வாசல் மூடும்போது ஏற்படும் தவிப்பை அவர்களின் வரலாறு நமக்குச் சொல்கிறது.

1921 நவம்பர் இரவு

போத்தனூர் நிலையத்தைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் கடக்க முடியாத துயரம் ஒன்று உண்டு. மலபார்க் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய காலம். 1921 நவம்பரில், கைது செய்யப்பட்ட ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் காற்றோட்டமற்ற ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து, பெல்லாரிச் சிறைக்கென்று இரயிலில் இணைத்து அனுப்பினர். பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். இந்துக்கள் சிலரும் அவர்களுள் இருந்தனர். வழியெங்கும் எழுந்த கூக்குரலுக்குக் கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவு கடந்து வண்டி போத்தனூரில் நின்று, கதவு திறக்கப்பட்டபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. அங்கேயே இறந்து கிடந்தவர்களும், பின்னர் மருத்துவமனையில் மாண்டவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உடல்கள் திரூருக்கே திருப்பி அனுப்பப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. திரூர் நகராட்சி மண்டபம் இன்றும் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

சோறிட்ட அதே இருப்புப் பாதைதான் அந்தப் பெட்டியையும் சுமந்து வந்தது. அந்தப் பெட்டி உருண்டு வந்த பாதையில் ஜல்லி இடித்தவனும், அது நின்ற நிலையத்தில் விளக்கேற்றியவனும் அடிமை நாட்டின் ஏழைத் தொழிலாளிகளே. வேலையைக் கொடுத்த கை எதற்காகக் கொடுத்தது என்பதையும் வரலாறு படிப்பவர் மறந்துவிடக் கூடாது. துறைமுகத்திற்குச் சரக்கும், கலவரப் பகுதிக்குப் படையும் விரைவாகச் செல்ல வேண்டும் என்பதே ஆள்வோர் கணக்கு. நம் மக்களுக்குக் கிடைத்த பிழைப்பு, அந்தக் கணக்கின் ஓரத்தில் விழுந்தது.

கொடுத்ததும் எடுத்ததும்

ஒரே முதலாளியை நம்பும் ஊருக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்படும். விளைவுகள் இங்கே வந்து விழும்.

1908இல் இப்பாதை தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் கைக்கு மாறியது. அக்கம்பெனி தன் பணிமனை வேலைகளைத் திருச்சி பொன்மலையில் ஒருங்கிணைக்கவும், ஆட்களைக் குறைக்கவும் முற்பட்டபோது, 1928இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நாகப்பட்டினம், பொன்மலைத் தொழிலாளர்களோடு போத்தனூர்த் தொழிலாளர்களும் களத்தில் நின்றனர். தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. 1974 மே மாதம் நாடு முழுவதும் நடந்த இரயில்வே வேலைநிறுத்தத்தின் போதும் இரயில்வே ஊர்களின் குடும்பங்கள் சிறையையும் பணிநீக்கத்தையும் கண்டன.

விடுதலைக்குப் பின், 1951 ஏப்ரல் 14இல் தென்னக இரயில்வே உருவானது. அப்போது போத்தனூர் ஒரு கோட்டத்தின் பெயரையே தாங்கியிருந்தது. 1956இல் அந்தக் கோட்டம் கலைக்கப்பட்டு, ஒலவக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கோட்டம் அமைந்தது. இன்றைய பாலக்காடு கோட்டம் அதுவே. ஒரு கோட்ட அலுவலகம் இடம் மாறினால் அதிகாரிகளும் எழுத்தர்களும் அவர்தம் குடும்பங்களும் சேர்ந்தே இடம் மாறுவர். அவர்களை நம்பியிருந்த கடைக்காரர், சலவைக்காரர், பால்காரர் ஆகியோரின் வருமானமும் சுருங்கிவிடும். கொங்கு மக்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிறந்தது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட கோட்டம் வேண்டும் என்ற குரல் இன்றும் ஓயவில்லை.

தொழில்நுட்பமும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது. டீசல் வந்தது, மின்சாரம் வந்தது. நீராவி இஞ்சின்கள் மறைந்தபோது நிலக்கரி அள்ளியவருக்கும், சாம்பல் வாரியவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர் பாதை பல ஆண்டுகள் மூடப்பட்டு, 2017இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. பயணிகளுக்கு நன்மையே. ஆனால் மூட்டையை இறக்கி ஏற்றிய தொழிலுக்கு இனி இடமில்லை. இரவில் கதவு தட்டிய ‘கால் பாய்’ இருந்த இடத்தைத் தொலைபேசி பிடித்துக்கொண்டது. துப்புரவு போன்ற பணிகள் பல ஒப்பந்தக்காரர் கைக்குச் சென்றுவிட்டன. அங்கு மாதச் சம்பளம் உண்டு. குடியிருப்பும் பாஸும் ஓய்வூதியமும் இல்லை.

தந்தையின் வேலை மகனுக்கு வரும் என்ற நம்பிக்கையும் பழங்கதை ஆகிவிட்டது. பாதுகாப்புப் பணியிலுள்ளோர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் வாரிசுக்கு வேலை என்று ஒரு திட்டம் 2004 முதல் இருந்து வந்தது. நீதிமன்றம் அதன் நியாயத்தைக் கேள்வி கேட்டதால், 2017இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்திற்குக் கருணை அடிப்படையில் தரப்படும் வேலை எஞ்சியுள்ளது.

இன்றைய வாசல் எங்கே?

அப்படியானால் இரயில்வேயில் இனி வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது வீடு தேடி வரும் காலம் முடிந்துவிட்டது. நம் பிள்ளைகள்தாம் அதைத் தேடிச் செல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. படித்தவர்க்கு ஒரு வாசல் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், தென்னக இரயில்வே அவ்வப்போது அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அறிவிப்பு வெளியிடுகிறது. அவ்வறிவிப்புகளில் போத்தனூர் சைகை மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனையின் பெயரும் இடம்பெறுவதுண்டு. தேர்வு எழுத வேண்டியதில்லை. மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கின்றனர். பயிற்சி முடித்தால் உடனே வேலை என்பது இல்லை. ஆயினும் இரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு, இரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்த இத்தகையோர்க்கு ஒதுக்கப்படுகிறது.

மற்றப் பணிகளுக்கு இரயில்வே தேர்வு வாரியங்கள் நடத்தும் கணினித் தேர்வை எழுத வேண்டும். வினாத்தாளைத் தமிழிலேயே பெறலாம். ஆங்கிலம் தெரியாது என்று தயங்குவோர் இதை அறிந்துகொள்ளுங்கள். மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. மத்தியப் பட்டியலில் தமிழகத்தின் லப்பைகள், அவர்களோடு சேர்த்து ராவுத்தர், மரைக்காயர் இடம் பெற்றுள்ளனர். உரிய சான்றிதழை நேரத்தில் பெற்று வைத்துக்கொள்ளாமல், கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடித் தோற்றுப்போகிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். மாநில அரசின் சான்றிதழ் வேறு, மத்திய அரசுக்கான சான்றிதழ் வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? 2006ஆம் ஆண்டில் நீதிபதி சச்சார் குழு அளித்த அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. அப்போது இந்திய இரயில்வேயில் பணியாற்றிய சுமார் 14 இலட்சம் பேரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 64,000 பேர், அதாவது 4.5 விழுக்காடு. அவர்களிலும் 98.7 விழுக்காட்டினர் கீழ்நிலைப் பணிகளிலேயே இருந்தனர். காங்மேனின் மகன் எழுத்தராகி, எழுத்தரின் மகன் பொறியாளராகும் அந்தப் படியில் நம்மவர் பலர் முதற்படியிலேயே நின்றுவிட்டனர் என்பதைத்தானே இது காட்டுகிறது? புறக்கணிப்பும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், விண்ணப்பிக்கவே இல்லை என்றால் யாரைக் குறை சொல்ல முடியும்?

“அரசு வேலையெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும்?” என்று தந்தை சொல்லும் ஒரு சொல், மகனின் முயற்சியைத் தொடங்கு முன்பே முடித்துவிடுகிறது. வளைகுடாவுக்கு விசா வாங்கக் கடன்பட்டு இலட்சங்களைச் செலவிடத் துணியும் நாம், தேர்வுக்குப் படிக்க மகனுக்கு ஓராண்டு அவகாசம் தரத் தயங்குகிறோம். மகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இன்று நிலைய அதிகாரியாகவும், வண்டி ஓட்டுநராகவும் பெண்கள் பணியாற்றுகின்றனர். பணிமனைகளில் நுட்பமான கருவிகளைச் சோதிக்கும் வேலை பெண்களின் பொறுமைக்கும் கூர்மைக்கும் ஏற்றது. படித்த மகளுக்கும் அந்த விண்ணப்பத்தை வாங்கிக் கொடுங்கள்.

வாசகர்களே!

போத்தனூர் இன்று கோவை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. அம்ரித் பாரத் திட்டத்தில் அதன் நிலையமும் சேர்க்கப்பட்டுப் புதுப்பிக்கப்படும் நிலையங்களுள் ஒன்றாகியுள்ளது. ஊரார் இப்போது ஆலைகளிலும், பட்டறைகளிலும், கல்லூரிகளிலும், கடைகளிலும் பலவித வேலை பார்க்கின்றனர். ஒரே வாசலை நம்பிய காலம் போய்விட்டது, அது நல்லதே.

ஆயினும், அந்த ஊரின் இன்றைய வீடுகள் பலவற்றின் அடித்தளத்தில் ஓர் இரயில்வே தொழிலாளியின் முதல் சம்பளம் இருக்கிறது. எழுத்தறியாத அந்த மனிதர், வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கூச்சப்படாமல் போய் நின்றார். எனக்கு இது கிடைக்காது என்று அவர் திரும்பியிருந்தால், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருந்திருப்பார்கள்?

அடுத்த முறை அவ்வழியே இரயிலில் செல்லும்போது, அந்த மஞ்சள் பலகையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெயிலில் தண்டவாளத்தின் ஓரம் ஒதுங்கி நின்று, வண்டி கடந்து போகும்வரை காத்திருக்கும் தொழிலாளர்களையும் காட்டுங்கள். அவர்களின் உழைப்பைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பெட்டிக்குள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.